ஊதாப் பொத்தான் வைத்த கம்ப்யூட்டர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். வாண்டுக்கு மட்டும் முன்பல் ஆடுகிறது. அதை நாக்கால் தள்ளிக்கொண்டே பேசுவதால் அவள் சொல்வது பாதி புரிவதில்லை. அந்த மலை உச்சியில் உனக்குக் குளிர் குறைந்ததா? காதை மூடிக்கொண்டு தூங்குகிறாயா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை ஒன்று வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த ஏஜென்சி அம்மாள் என் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இந்தக் கைய வெச்சிக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்டாள். ஒரே நிபந்தனை, சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் அதை வைத்துப் பரீட்சை. இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

கடைக்குப் போய் விலை கேட்டேன். கேட்டதும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைப்பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர்களுக்கு அது பழக்கம் போலிருக்கிறது.

அத்தானிடம் சொன்னதற்கு, "இப்ப வேணாம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் விடுகிற ஆள் இல்லை. தனித்தனியாகச் சாமான் வாங்கி நாமே பூட்டினால் பாதி விலைக்கு முடியும் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். "எங்க வீட்டுக்காரர் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் ஆபீசர், என் தம்பி கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேயறவன், எங்களுக்கென்ன டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுது. அத்தானுக்குத் தெரிய வேண்டாம். ஓடவிட்டுக் காட்டி, அவரை அப்படியே அசத்திவிடப் போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நேற்று அடித்த காற்றில் மழைமானியின் மூடி பறந்து சமையல்காரர் தலையில் விழுந்தது. அவரும் நலம். அத்தான் சௌக்கியமா? வாண்டின் பல் விழுந்ததா?

நான் சிரிக்கவில்லை. ஆடித்தான் போனேன். மிக்ஸி மூடி இறுகினாலே பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறவள் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறாளாம். இங்கே போன் கிடையாது. வானிலை நிலையத்து ரேடியோவில் மழை, காற்று, வெப்பம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. அதனால் கடிதத்திலேயே கற்றுக்கொள். ஒரு வகையில் நல்லது. நீ நடுவில் குறுக்கே பேச முடியாது.

மதர்போர்டு என்பது எல்லாம் வந்து உட்காரும் பலகை. பிராசஸர்தான் வேலைக்காரன். ராம் உன் சமையல் மேடை. அகலமாக இருந்தால் ஒரே நேரத்தில் பல பாத்திரம் பரப்பலாம். எஸ்எஸ்டி எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற அலமாரி. ராமும் மானிட்டரும் பழையதாக வாங்கலாம், தப்பில்லை. பவர் சப்ளையை மட்டும் புதிதாக வாங்கு. மலிவான பவர் சப்ளை சாகும்போது கூட இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் இரும்பு எதையாவது ஒருமுறை தொட்டுவிடு. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். பாலியஸ்டர் புடவையோடு பக்கத்திலேயே போகாதே.

அத்தானுக்குச் சொல்லாமல் செய்வது சரியா என்று யோசி. அவரைத் தொந்தரவு செய்யாதே என்றும் சொல்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.
தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பி,

சமையல்காரர் தலையில் வீக்கம் வடிந்ததா? நாங்கள் சௌக்கியம். பல் விழுந்துவிட்டது, தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை, விழுங்கியிருப்பாள்.

பழைய கம்ப்யூட்டர் தெருவில் எனக்கு இப்போது நல்ல மதிப்பு. ராம் வாங்கினேன், எஸ்எஸ்டி வாங்கினேன், ஓரத்தில் லேசாகக் கீறல் விழுந்த மானிட்டரைப் பேரம் பேசியே வாங்கினேன். எல்லாம் கட்டிலுக்கு அடியில் பழைய சூட்கேசில் இருக்கிறது. மானிட்டர் மட்டும் சூட்கேசில் அடங்காமல் பீரோவுக்குப் பின்னால் போர்வை போர்த்தி நிற்கிறது. அத்தான் கண்ணில் எதுவும் படவில்லை. அவர் கண்ணில் இப்போது எதுவுமே படுவதில்லை. வந்ததும் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காருகிறார், சாப்பிடுகிறார், படுத்துவிடுகிறார். ஆபீசில் ஆள் குறைவாம், இவர் தலையிலேயே எல்லாம் விழுகிறதாம். உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்குக் கால் ஏன் வலிக்கிறது என்று கேட்டால், "வயசாவுதுல்ல" என்கிறார்.

சரி, ஒரு சந்தேகம். அந்தத் தெருவில் ஆபீஸ்களிலிருந்து மொத்தமாக எடுத்த பழைய பெட்டிகள் வருகின்றனவாம். மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை எல்லாம் உள்ளேயே இருக்கும், ராமும் எஸ்எஸ்டியும் மாற்றினால் போதும், தனித்தனியாக வாங்குவதில் பாதிகூட ஆகாது என்கிறார் கடைக்காரர். இவ்வளவு சுலபமான வழியை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவன் ஆயிற்றே நீ.

பதில் சீக்கிரம் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

எனக்கு லேசான ஜலதோஷம். மற்றபடி ஒன்றுமில்லை. அத்தான் சௌக்கியமா?

அந்த ஆபீஸ் பெட்டி வேண்டாம். அவற்றில் பவர் சப்ளையின் இணைப்பே தனி மாதிரி, கெட்டுப்போனால் வேறு கிடைக்காது. ஃபேன் தேய்ந்திருக்கும். உள்ளே தூசி அடைந்திருக்கும். எத்தனை வருஷம் யார் எப்படி ஓட்டினார்களோ. பலகையும் பிராசஸரும் புதிதாகவே வாங்கு, மீதிப் பணத்தை நான் அனுப்புகிறேன். நிஜமாகவே அனுப்புகிறேன். இந்த முறை தபால் எடுத்துப் போகிற ஜீப்பிலேயே கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் பழைய சாமான் தெருவுக்கும் இனிமேல் போகாதே. கூட்டத்தில் பர்ஸ் போய்விடும்.

தம்பி

ஏப்ரல் 18

தம்பி,

நீ நலமா? இங்கே வாண்டு நலம்.

நீ பணம் அனுப்புகிறேன் என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்குக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். உன் காசை ஏன் செலவு செய்ய வேண்டும் என்று அந்தத் தெருவுக்கே போனேன்.

அடுக்கில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின் பொத்தான் மட்டும் ஊதா நிறம். போன வருஷம் பள்ளி விடுமுறையில் வாண்டு அவள் அப்பாவோடு ஒருநாள் ஆபீசுக்குப் போனாளே, அன்றைக்கு என் நகப்பூச்சை எடுத்துப் போய் அவர் கம்ப்யூட்டர் பொத்தானுக்குப் பூசிவிட்டு வந்தாள். ஓரத்தில் வழிந்த இடத்தில் அவள் விரல் ரேகைகூட அப்படியே இருந்தது.

"இது எந்த ஆபீஸ் பெட்டிங்க?" என்று கேட்டேன்.

"டைல்ஸ் கம்பெனிங்க. நவம்பர்லயே மூடிட்டாங்க. மொத்தமா எடுத்தோம். கணக்கு எழுதற எடம், பெட்டிய அடிபடாம வெச்சிருந்தாங்க. தைரியமா எடுங்க மேடம்."

தம்பி, என் காது அடைத்துவிட்டது. கடைக்காரர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நவம்பரில் மூடிய ஆபீசுக்கு உன் அத்தான் இன்று காலையில்தான் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு போனார். நான்தான் மூடி போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியையே வாங்கினேன். வேறொருவர் கையில் அது போக மனம் வரவில்லை. சாயங்காலம் அதே நேரத்துக்கு வந்தார். "ஆபீஸ்ல எப்படி?" என்று கேட்டேன். "எப்பவும் போலதான்" என்றார். குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. நான் சோறு போட்டேன்.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. எங்கேயிருந்து வருகிறது? தினமும் எங்கே போகிறார்? கேட்க வாய் வரை வருகிறது, பயந்து நின்றுவிடுகிறேன். என்ன பதில் வருமோ என்றுதான் பயம். இதையெல்லாம் உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்கா,

நீயும் குழந்தையும் நலம்தானே? மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. நேற்று வரை ஜீப் வரவில்லை. அதனால்தான் தாமதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஆனாலும் அவசரப்படாதே அக்கா. அத்தான் தப்பான வழிக்குப் போகிறவர் இல்லை. அது உனக்கும் தெரியும். எதையாவது மனதில் வைத்துத்தான் செய்திருப்பார். நேரம் வரும்போது அவரே சொல்வார். நாள் முழுக்க அந்த நீராவியில் நின்றுவிட்டு வருகிற மனுஷனிடம் வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்டு நோகடிக்காதே.

பெட்டி வாங்கிவிட்டாய், சரி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தூசி தட்டு. பிராசஸர் மேல் சூடு தணிக்கத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு மிளகு அளவு வை. ராமைப் பொருத்தும்போது இரண்டு பக்கமும் டக் என்று சத்தம் வர வேண்டும். உன் பரீட்சையில் மட்டும் கவனம் வை.

அத்தான் சௌக்கியமா?
தம்பி

மே 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். 'நீராவி' என்கிற இடத்தில் நின்றுபோனேன்.

ஆபீஸ் மூடிவிட்டது என்றுதான் நான் எழுதினேன். நீராவி என்று எழுதவே இல்லை. அது எனக்கே தெரியாது.

இந்த ஊரில் நீராவி எங்கே இருக்கிறது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் சட்டையில் வருகிற சோப்பு வாசனைக்கு ஆறு மாதமாக நான் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள், ஹோட்டல் விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கின்றன. பக்கத்துச் சந்தில் ஜன்னல் திறந்திருந்தது. அங்கே நின்று பார்த்தேன்.

உன் அத்தான் பனியனோடு நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். எதிர் முனையைப் பிடித்திருந்த அம்மாள் நல்ல பருமன். எல்லாரும் அவரைப் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் விரிப்பை உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, அத்தனை லாவகம். வீட்டில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்ததில்லை இந்த மனுஷன். பெரியக்கா ஏதோ சொன்னார். இவர் சிரித்தார் தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வேலை போனது என் தலையில் விழுந்த முதல் இடி. இது அதைவிடப் பெரிய இடி. வீட்டுக்கு வரும்போது இவர் அந்தச் சிரித்த முகத்தை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அவர் கதை இருக்கட்டும். நீ சொல். உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? கடிதத்துக்குக் கடிதம் 'அத்தான் சௌக்கியமா' என்று என்னிடமே கேட்டாயே, எப்படி மனம் வந்தது? அழுதுகொண்டு உன்னிடம் வந்தேன், 'எதிர்பார்க்கவே இல்லை' என்று எழுதினாய். ஒரு மிளகு அளவு பேஸ்ட் வைக்கச் சொல்லத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

ஜூன் 2

அக்கா,

உன்னிடம் நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டிசம்பரிலிருந்து தெரியும். அத்தான் எழுதினார். அதற்குப் பிறகு உன் கடிதமும் அவர் கடிதமும் ஒரே பையில்தான் வரும். சில சமயம் ஒரே நாளில் போட்டிருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நீ சூட்கேசை மறைப்பதை எனக்கு எழுதுவாய், அவர் வேலையை மறைப்பதை எனக்கு எழுதுவார். பெட்டிகளை லாரியில் ஏற்றி அந்தத் தெருவுக்குத்தான் கொண்டுபோனார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். அதனால்தான் உன்னை அங்கே போகவிடாமல் ஏதேதோ உளறினேன்.

'அக்காவிடம் சொல்லிவிடுங்கள்' என்று சலவைக்கூட விலாசத்துக்கு எத்தனையோ முறை எழுதினேன். அதற்கு அவர் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: 'என்னை ஆபீசர் என்று நாலு பேரிடம் சொல்லும்போது உன் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கிறாயா மச்சான்? அந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குக் கை வரவில்லை.' இதைப் படித்த பிறகு நான் எப்படிச் சொல்வேன்?

கம்பெனியை மூடும்போது கையில் கொடுத்த பணத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துச் சலவைக்கூலியோடு சேர்த்துச் சம்பளம் என்று கொடுத்து வந்தார். அதுவும் தீரப் போகிறது. இப்போதாவது ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் செய்தது தப்பு. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

ஜீப் மூன்று முறை வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. அத்தான் கடிதமும் இல்லை. பையைக் கொட்டிப் பார்ப்பதைக் கண்டு சமையல்காரர் டீ கொண்டுவந்து வைக்கிறார்.

பரீட்சை நெருங்கியிருக்கும். பொத்தானை அமுக்கியும் திரை கறுப்பாகவே இருந்தால் பயப்படாதே, ராமைக் கழற்றித் திருப்பிப் பொருத்து. பீப் சத்தம் கேட்டாலும் அதேதான். ஹெட்போனைப் பின்பக்கம் பச்சை ஓட்டையில் செருகு.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதைத்தான் எழுதத் தெரிகிறது. வாண்டு எப்படி இருக்கிறாள்?

தம்பி

ஜூலை 15

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் அக்காதான் எழுதச் சொன்னாள். "இத்தனை மாசம் எனக்குத் தெரியாம எழுதினீங்கல்ல, இப்ப தெரிஞ்சு எழுதுங்க. நான் படிச்சிட்டுத்தான் கவரை ஒட்டுவேன்" என்கிறாள். ஆகவே பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள் பாய்லர் ரிப்பேர் என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக அந்த மாதிரி நாட்களில் ஆபீஸ் விடும் நேரம் வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் நேரே வீட்டுக்கு வந்தேன். கதவைத் தள்ளினால் முன்னறையில் மேஜை, மேஜை மேல் திரை, கீழே என் ஆபீஸ் பெட்டி. ஊதாப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உன் அக்கா டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான், எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ஆபீஸ் திரும்பி வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. நனைந்த செருப்போடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். "பரீட்சை நடக்குது. முடியற வரைக்கும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். அத்தனை நேரமும் நான் ஈரத்தோடு அங்கேயே இருந்தேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு நடுங்கியதில்லை. பாஸ் செய்துவிட்டாள். அதை அவள் என்னிடம் சொன்னபோது அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கோபமாக அழுதாள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஏப்ரல்ல பெட்டிய பாத்தேன். மே மாசம் உங்களைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க அங்க சிரிச்சீங்க. கேட்டா அதுவும் நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு."

நான் அவளுக்குப் பயந்து ஒளிந்திருந்தேன். அவளும் எனக்காகப் பயந்து ஒளித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேரும் நிறையப் பேசினோம். சத்தமும் போட்டோம். வாண்டு நடுவில் வந்து, "நான் பூசினதுதானே அது?" என்று பொத்தானைக் காட்டிப் பெருமைப்பட்டாள். வேறு வேலை தேட வேண்டுமா என்று கேட்டேன். "உங்களுக்கு அது பிடிச்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பிடித்திருக்கிறது என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பணத்துக்கு இழுபறிதான். அவள் வேலை கொஞ்சம் தாங்கும்.

உன்மேல் கோபம் இன்னும் இறங்கவில்லை. "அவர் பயந்து மறைச்சார், அவன் நல்லா யோசிச்சு மறைச்சான்" என்கிறாள். நீ எழுதிய பச்சை ஓட்டையில்தான் ஹெட்போனைச் செருகியிருக்கிறாள், அதையும் சொல்கிறேன். அடுத்த கடிதம் அவள் எழுதுவாளா என்று கேட்டேன். கவர் ஒட்டப் பசையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நீ எழுதிக்கொண்டே இரு.

எனக்கு ஒரே ஒரு தண்டனை. காலையில் கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். "எனக்குத் தெரியும்தான். ஆனாலும் நீங்க சொல்லணும்" என்றாள். முதல்நாள் தெருவில் எல்லாரும் இருந்தார்கள். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிர்வீட்டு டீச்சர். டப்பாவுக்காகக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "சலவைக்கூடத்துக்கு" என்றேன். குரலே எழும்பவில்லை.

"கேக்கல" என்றாள்.

"சலவைக்கூடத்துக்குத் துணி மடிக்கப் போறேன்" என்றேன். தெருவே கேட்டது.

"சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

அன்புடன்,
அத்தான்